மாண்டலின் ஸ்ரீனிவாஸ்: ஐந்து கம்பிகளின் கதை



பரீட்சை முடிந்து விடுமுறை விட்டதும் உங்களில் பலர் கீபோர்டு, கிடார் வகுப்புகளுக்குப் போவீர்கள். மேடையில் எலெக்ட்ரிக் கிடார் வாசிப்பவர்களைப் பார்த்து, அதுபோல ஒன்று வேண்டும் என்று அப்பாவிடம் அடம் பிடிப்பவர்களும் உண்டு. சரி, முதன்முதலில் வாங்கும் கருவியை எப்படித் தேர்ந்தெடுப்பது? அதைத் தெரிந்துகொள்ள, கிடாரின் சின்னத் தம்பி போல இருக்கும் மாண்டலினை வாசித்து உலகப் புகழ் பெற்ற ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

ஆந்திர மாநிலம் மேற்கு கோதாவரி மாவட்டத்தில் பாலகொல்லு என்று ஓர் ஊர். அங்கே 1969-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி பிறந்தவர் ஸ்ரீனிவாஸ். அவருடைய அப்பா சத்யநாராயணா கிளாரினெட் வாசிக்கும் கலைஞர். வீட்டில் ஒரு மாண்டலினும் இருந்தது. ஆறு வயதுச் சிறுவன் ஸ்ரீனிவாஸ் அதை எடுத்து மீட்டிப் பார்த்தான். கை வைத்த உடனேயே அவனுக்கு அந்தக் கருவி பிடித்துப்போய்விட்டது. ஆம், அவனுடைய முதல் கருவி கடையில் தேடி வாங்கியது அல்ல, வீட்டில் இருந்தது!

மகனின் ஆர்வத்தைக் கண்ட அப்பா, தம்முடைய குருவான ருத்ரராஜு சுப்பராஜுவிடம் அவனைச் சேர்த்தார். சுப்பராஜு, செம்பை வைத்தியநாத பாகவதரின் சீடர். ஆனால் அவருக்கு மாண்டலின் வாசிக்கத் தெரியாது! பிறகு எப்படிக் கற்றுக்கொடுத்தார்? அவர் பாடுவார். சிறுவன் அதைக் காதால் கேட்டு, அப்படியே கம்பியில் வாசிக்க வேண்டும். வாசு ராவ் என்ற கிடார் கலைஞர் மேற்கத்திய இசையையும் அவனுக்கு அறிமுகப்படுத்தினார்.

இங்கேதான் ஒரு பெரிய சிக்கல். கர்நாடக இசைக்கு உயிர் கமகம். ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கியும் அசைந்தும் போவதுதான் கமகம். வழக்கமான மாண்டலினில் எட்டுக் கம்பிகள் இரண்டிரண்டாக நான்கு ஜோடிகளாக இருக்கும். மீட்டியதும் ஒலி சட்டென்று அடங்கிவிடும். ஒலியே நிற்காதபோது அதை எப்படி அசைப்பது? மாண்டலினில் கர்நாடக இசை சரிப்பட்டு வருமா என்று பலர் சந்தேகப்பட்டதில் வியப்பில்லை.

ஸ்ரீனிவாஸ் கருவியைக் கைவிடவில்லை, கருவியை மாற்றினார்! ஜோடிக் கம்பிகளுக்குப் பதிலாக ஐந்து ஒற்றைக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்துக்கொண்டார். ஒற்றைக் கம்பியில் விரல் எளிதாக வழுக்கிச் செல்லும். மின்சாரத்தின் உதவியால் ஒலியும் நீண்டு நிற்கும். கமகம் அழகாகப் பிறந்தது.

மின்சாரம் எப்படி உதவுகிறது என்பது கோவைப் பிள்ளைகளுக்கு எளிதில் புரியும். நம் ஊர்ப் பட்டறைகளில் பம்ப்செட் மோட்டாருக்குக் காயில் கட்டுவதைப் பார்த்திருப்பீர்களே! அதேபோலச் செம்புக் கம்பிச் சுருள்தான் எலெக்ட்ரிக் கிடாரிலும் இருக்கிறது. கம்பிகளுக்கு அடியில் இருக்கும் அந்தப் பகுதிக்குப் பிக்கப் என்று பெயர். அதில் காந்தமும், அதைச் சுற்றி முடி போல மெல்லிய செம்புக் கம்பிச் சுற்றுகளும் இருக்கும். எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் மாறி, சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் உண்டாகும். அதை ஆம்ப்ளிபயர் பெரிதாக்க, ஸ்பீக்கர் ஒலியாக மாற்றித் தருகிறது. மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்த தத்துவம்தான் இது!

1978-இல் குடிவாடாவில் நடந்த தியாகராஜர் ஆராதனை விழாவில் ஸ்ரீனிவாஸ் மேடையேறினார். அப்போது வயது ஒன்பது. 1981-இல் சென்னை டிசம்பர் இசை விழாவில் பன்னிரண்டு வயதில் வாசித்தார். சந்தேகப்பட்டவர்களும் ரசிகர்களானார்கள். 1983-இல் பெர்லின் ஜாஸ் விழாவிலும் அவருடைய மாண்டலின் ஒலித்தது. பிற்காலத்தில் ஜான் மெக்லாஃப்லினின் எலெக்ட்ரிக் கிடார், ஜாகிர் உசேனின் தபலா ஆகியவற்றோடு, ரிமெம்பர் சக்தி என்ற குழுவில் சேர்ந்து பல நாடுகளில் வாசித்தார். 1998-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மாண்டலின் என்ற சொல் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. 2014 செப்டம்பர் 19-இல், 45 வயதிலேயே, சென்னையில் காலமானார். அவருடைய தம்பி ராஜேஷும் மாண்டலின் கலைஞரே.

குழந்தைகளே, இப்போது உங்கள் கிடாருக்கு வருவோம். எந்த இசையை வாசிக்க ஆசைப்படுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அதற்கு ஏற்ற கருவி எது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். மடியில் வைத்துப் பாருங்கள். கழுத்துப் பகுதி உங்கள் கைக்கு அடங்க வேண்டும். சிறிய கைகளுக்குச் சிறிய அளவுக் கிடாரும் கிடைக்கிறது. கம்பிகள் மெட்டுகளிலிருந்து மிக உயரமாக இருந்தால் விரல் வலிக்கும். ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டி, கரகரப்பு இல்லாமல் ஒலிக்கிறதா என்று பெரியவர்களை விட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள். வீட்டில் பழக ஒரு சிறிய ஆம்ப்ளிபயரே போதும். அதற்கும் சேர்த்துத்தான் செலவைக் கணக்கிட வேண்டும். நிறத்தையும் பளபளப்பையும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். நல்ல நிலையில் உள்ள பழைய கிடாரானாலும் தவறில்லை.

வாங்கிய பிறகு? அங்கேதான் உண்மையான வேலை தொடங்குகிறது. ஸ்ரீனிவாசுக்குப் புகழ் தந்தது ஐந்து கம்பிகள் மட்டும் அல்ல. குரு பாடியதைக் கூர்ந்து கேட்ட காதும், கேட்டது கம்பியில் வரும்வரை சலிக்காமல் பழகிய விரல்களும்தான். கருவியை அப்பா வாங்கித் தரலாம். பயிற்சியை நாம்தான் செய்ய வேண்டும். செய்வீர்கள்தானே?