பிளவுகளுக்கு நடுவே ம. சிங்காரவேலர்

திறவுச்சொற்கள்: சிங்காரவேலர், பொதுவுடைமை இயக்கம், கான்பூர் மாநாடு, ஈரோட்டுத் திட்டம், கட்சிப் பிளவு

இந்தியப் பொதுவுடைமைக் கட்சி பிறந்த நாள் எது என்னும் வினாவுக்கு இரண்டு விடைகள் வழங்குகின்றன. இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி 1925 டிசம்பர் 26 என்கிறது. மார்க்சிஸ்ட் கட்சி 1920 அக்டோபர் 17 என்கிறது. முன்னது கான்பூரில் நிகழ்ந்தது. பின்னது தாஷ்கண்டில் நிகழ்ந்தது. ஒன்றுபட்ட கட்சியின் செயலகம் 1959இல் கான்பூரையே ஏற்றிருந்தது. 1964ஆம் ஆண்டுப் பிளவுக்குப் பின் இக்கருத்து வேறுபாடு இரு கட்சிகளின் அடையாளமாகவே இறுகியது. இதனால் பெரிதும் பாதிக்கப்படுவது ம. சிங்காரவேலரின் (1860–1946) வாழ்க்கை வரலாறாகும். கான்பூரைத் தொடக்கமாகக் கொள்வோர்க்கு, அம்மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய அவர் கட்சி தோன்றியபோதே தலைமையில் இருந்தவர். தாஷ்கண்டைத் தொடக்கமாகக் கொள்வோர்க்கு முன்னோடிகளுள் ஒருவர். ஆண்டுக் கணக்கைத் தள்ளிவைத்து, பிளவுகளின் நடுவே அவர் எவ்வாறு இயங்கினார் என்பதை இக்கட்டுரை நோக்குகிறது.

சென்னை அயோத்தியாகுப்பத்தில் மீனவர் குடும்பத்தில் 1860 பிப்ரவரி 18 அன்று பிறந்த சிங்காரவேலர், பட்டம் பெற்று வழக்கறிஞரானார். பொதுவுடைமைக்கு வருமுன் அவர் பௌத்தத்தில் ஈடுபட்டிருந்தார். மகாபோதி சங்கக் கூட்டங்கள் அவர் இல்லத்தில் நடந்தன. ஒத்துழையாமை இயக்கத்தின்போது 1921இல் வழக்கறிஞர் தொழிலைத் துறந்தபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. உடனிருந்த தோழர்களுள் பலர் அவருடைய பிள்ளைகளின் வயதினர் என்பதை வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கருத்தில் கொள்வதில்லை.

அதே ஆண்டில் நடந்த பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம், தொழிலாளர் ஒற்றுமை எங்கே முறியும் என்பதை அவருக்குக் காட்டியது. ஆதிதிராவிடத் தொழிலாளர் வேலைக்குத் திரும்பினர். ஏனையோர் வெளியே நின்றனர். புளியந்தோப்பில் பகை மூண்டு உயிர்கள் பலியாயின. ஒரே ஆலையில் ஒரே கூலிக்கு உழைத்தவர்களைப் பிரித்தது கொள்கை வேறுபாடன்று, சாதி. பின்னாளில் ஈரோட்டை நோக்கி அவர் நடந்ததற்கான காரணத்தை இங்கிருந்தே தேட வேண்டும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

சிங்காரவேலர் 1923 மே 1 அன்று சென்னைக் கடற்கரையில் மே தினம் கொண்டாடி, இந்துஸ்தான் தொழிலாளர் விவசாயிகள் கட்சியைத் தொடங்கினார். உயர்நீதிமன்றத்துக்கு எதிரிலுள்ள கடற்கரையிலும் திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் கூட்டங்கள் நடந்தன. கட்சி தோன்றுமுன்பே வெளிநாட்டு இந்தியப் புரட்சியாளர்களின் உட்பகை சென்னையை எட்டியிருந்தது. தாஷ்கண்டில் எம். என். ராயுடன் இருந்த அபானி முகர்ஜி, அவரோடு முரண்பட்டு இந்தியாவுக்கு வந்து சிங்காரவேலரையும் சந்தித்தார். அபானியை நம்ப வேண்டாம் என்று ராய் தோழர்களை எச்சரித்தார். சென்னைக் கட்சியின் திட்டத்திலும் குறை கண்டார். காங்கிரசுக்குள்ளிருந்தே உழைப்பாளர் கட்சி நடத்தலாம் என்ற சிங்காரவேலரின் நம்பிக்கை ராய்க்கு உடன்பாடன்று. சிங்காரவேலரோ இருவருள் எவரையும் முற்றாக விலக்கவில்லை. தாஷ்கண்ட் குழுவின் தலைவராக இருந்தவரும் சென்னையில் பிறந்த எம். பி. டி. ஆச்சாரியாவே என்பதும், அவரும் ராயுடன் முரண்பட்டு அப்பொறுப்பை இழந்தார் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கன.

கான்பூர் சதி வழக்கில் 1924இல் சிங்காரவேலரும் குற்றம் சாட்டப்பட்டார். உடல்நலக் குறைவால் அவர்மீது விசாரணை நடைபெறவில்லை. டாங்கே, முசாபர் அகமது, சௌகத் உஸ்மானி, நளினி குப்தா ஆகிய நால்வரும் சிறைத் தண்டனை பெற்றனர். மறு ஆண்டு டிசம்பரில் அதே நகரில் காங்கிரசு மாநாடு கூடியபோது, சத்தியபக்தா பொதுவுடைமை மாநாட்டைக் கூட்டினார். ஹஸ்ரத் மோகானி வரவேற்புக் குழுத் தலைவர்; சிங்காரவேலர் மாநாட்டுத் தலைவர்.

அங்கு மூண்ட பூசல் பெயரைப் பற்றியது. பெயரில் 'இந்திய' என்பது முன்வர வேண்டும் என்றும், அயல்நாட்டு அமைப்பு எதனுடனும் கட்சிக்குத் தொடர்பு கூடாது என்றும் சத்தியபக்தா விரும்பினார். அகிலத்தின் கிளைகள் பெயரிடப்படும் முறையில் 'இந்தியாவின் கம்யூனிஸ்ட் கட்சி' என்பதே பொருந்தும் என்றனர் பெரும்பான்மையோர். தமிழில் வேற்றுமை உருபொன்றின் அளவே தோன்றும் இவ்வேறுபாட்டுக்குள் மாஸ்கோவுடனான உறவு முழுவதும் அடங்கியிருந்தது. சத்தியபக்தா விலகித் தனிக்கட்சி கண்டார். பிறந்த ஊரிலேயே கட்சி பிளந்தது.

சிங்காரவேலரின் நிலைப்பாடு இவ்விரண்டில் எதனுள்ளும் எளிதில் அடங்காது. போல்ஷ்விசம் ரஷ்யர் தம் நாட்டுக்கு ஏற்ப மேற்கொண்ட வடிவம், இந்தியர் அதை அப்படியே மேற்கொள்ள வேண்டியதில்லை என்னும் பொருள்படத் தலைமையுரையில் அவர் பேசினார். கருத்தளவில் இது சத்தியபக்தாவுக்கு நெருக்கமானது. ஆயினும் அவர் பெரும்பான்மையோடு நின்று, புதிய மையக் குழுவின் தலைவரானார், எஸ். வி. காட்டேயும் பாகர்ஹட்டாவும் இணைச் செயலர்களாயினர். கருத்தில் மாறுபட்டவன் அமைப்பை உடைக்க வேண்டியதில்லை என்று அவர் கருதியதாகக் கொள்ளலாம். இதனைக் கொள்கைத் தெளிவின்மை என்பாரும் உளர். வேறோர் இடத்தில் அவ்வாதம் வலிமை பெறலாம். கான்பூரில் அமைப்பு எஞ்சியதற்கு இந்நெகிழ்வும் ஒரு காரணம்.

தென்னிந்திய இரயில்வே வேலைநிறுத்தத்தில் 1928 சூலையில் முகுந்தலால் சர்க்காருடன் முன்னின்று சிங்காரவேலர் கைதானார். பத்தாண்டுத் தண்டனை மேல்முறையீட்டில் குறைக்கப்பட்டு, 1930இல் விடுதலையானார். அவர் சிறையிலிருந்தபோது, 1929 மார்ச்சில் மீரட் சதி வழக்குக் கைதுகள் நிகழ்ந்தன. கட்சியின் அடுத்த தலைமுறை மீரட் சிறையில்தான் உருவாயிற்று. அவ்வழக்கில் இடம்பெறாத சிங்காரவேலர் அத்தலைமுறையின் வழிமுறைக்கு வெளியே நின்றுவிட்டார். அவரைக் கட்சியிலிருந்து பிரித்தது கருத்து வேறுபாட்டைக் காட்டிலும் இவ்வேறு சிறையே எனத் தோன்றுகிறது.

விடுதலைக்குப் பின் அவர் குடிஅரசு இதழில் அறிவியல், பொருளியல், சமயம் பற்றித் தொடர்ந்து எழுதினார். சோவியத்து நாட்டுப் பயணம் முடித்துப் பெரியார் திரும்பியதும், 1932 டிசம்பர் 28, 29 நாட்களில் ஈரோட்டில் சமதர்மத் திட்டம் உருவானது. சுயமரியாதை இயக்கம் சமூகப் பணியிலும் சமதர்மக் கட்சி அரசியல் பணியிலும் இயங்குவது எனத் தீர்மானமாயிற்று. புளியந்தோப்பில் சாதியும் கூலியும் மோதிக்கொண்டதைக் கண்டவர்க்கு இவ்விணைப்பு இயல்பானதே. இதனைப் பொதுவுடைமையிலிருந்து விலகியதாகக் காட்டும் வரலாறுகள் 1921ஐ மறந்து எழுதப்பட்டவை.

இணைப்பு நீடிக்கவில்லை. பொதுவுடைமைக் கட்சி 1934இல் தடைசெய்யப்பட்டது. பகத்சிங் நூலின் தமிழாக்கம் தொடர்பாக 1935இல் ப. ஜீவானந்தமும் ஈ. வெ. கிருஷ்ணசாமியும் கைதாகினர். இயக்கத்தைக் காக்கப் பெரியார் சமதர்மப் பரப்புரையை ஒதுக்கி, நீதிக்கட்சி ஆதரவை மேற்கொண்டார். சிங்காரவேலரும் ஜீவாவும் அதனைக் கண்டித்தனர். ஆனால் ஜீவாவைப் போலப் புதிய கட்சிப் பணியில் இறங்கும் அகவை அவருக்கு இல்லை. அவர் புதுஉலகம் என்னும் இதழைத் தொடங்கினார். எழுத்தே அவருடைய களமாயிற்று.

குறையொன்றையும் மறைத்தல் ஆகாது. அனைவரோடும் சேர்ந்து இயங்கிய சிங்காரவேலர், தம்மைத் தொடர்ந்து நிற்கும் அமைப்பொன்றைச் சென்னையில் விட்டுச்செல்லவில்லை. முப்பதுகளின் நடுவில் காட்டேயும் சுந்தரய்யாவும் வந்து, புதிதாகவே கட்சிக் கிளையைக் கட்ட வேண்டியிருந்தது. 1946 பிப்ரவரி 11 அன்று சிங்காரவேலர் மறைந்தார். கான்பூர் மாநாட்டில் அவரோடு பங்கேற்ற முசாபர் அகமது 1964க்குப் பின் மார்க்சிஸ்ட் கட்சியில் நின்று, தாஷ்கண்டையே கட்சியின் தொடக்கமாக எழுதினார். காட்டே இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியிலேயே இருந்தார்.