புத்தகம் பகிர்ந்த பெஞ்சமின் பிராங்க்ளின்

பெஞ்சமின் பிராங்க்ளின் என்றதும் இடிமழையில் பட்டம் விட்ட மனிதர்தாம் நம் நினைவுக்கு வருவார். இடிதாங்கியைக் கண்டவர், அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையொப்பம் இட்டவர் என்றெல்லாம் வகுப்பிலே படித்திருக்கிறோம். அவற்றை இங்கே விரித்து எழுதப் போவதில்லை. அவர் புத்தகங்களை எப்படித் தேடிப் படித்தார், படித்ததை மற்றவர்களோடு எப்படிப் பகிர்ந்துகொண்டார் என்பதை மட்டும் பார்ப்போம். அவருடைய கடைசித் தங்கையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது.

1706-ஆம் ஆண்டு ஜனவரி 17-ஆம் நாள் பாஸ்டன் நகரில் பிராங்க்ளின் பிறந்தார். தந்தை ஜோசையா மெழுகுவர்த்தியும் சோப்பும் செய்து விற்பவர். அவருக்கு இரு மனைவியர் வழியாக 17 பிள்ளைகள். பெஞ்சமின் 15-ஆவது பிள்ளை. பள்ளிக்குப் போனது இரண்டே ஆண்டுகள். பத்து வயதில் தந்தைக்கு உதவியாக மெழுகுவர்த்திக்குத் திரி நறுக்க உட்கார்ந்தார். அந்த வேலை அவருக்குச் சிறிதும் பிடிக்கவில்லை. பையன் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருப்பதைக் கண்ட தந்தை, 12-ஆம் வயதில் அவரை அண்ணன் ஜேம்ஸின் அச்சுக்கூடத்தில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்.

அங்கேதான் அவருக்கு யோகம் அடித்தது. புத்தகக் கடைகளில் வேலை செய்த பையன்கள் சிலர் அவருக்கு நண்பர்கள் ஆனார்கள். மாலையில் கடையிலிருந்து ஒரு புத்தகத்தை இரவலாகத் தருவார்கள். காலையில் கடை திறந்து யாராவது கேட்பதற்குள் அது அழுக்குப் படாமல் திரும்பி வந்துவிட வேண்டும். அதனால் இரவு முழுவதும் உட்கார்ந்து படித்து முடிப்பார். நாமும் தேர்வுக்கு முந்திய இரவில் கண் விழிக்கிறோம். ஆனால் அவரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

16 வயதில் இறைச்சி உண்பதை விட்டுவிட்டார். அண்ணன் தம் உணவுக்குச் செலவிடும் பணத்தில் பாதியைக் கையில் தந்தால் போதும், தாமே சாப்பாட்டைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். அந்தப் பாதியிலும் பாதி மிஞ்சியது. மற்றவர்கள் சாப்பிடப் போனதும், இவர் ஒரு ரொட்டித் துண்டும் ஒரு பிடி உலர்ந்த திராட்சையும் தின்று தண்ணீர் குடித்துவிட்டு, அச்சுக்கூடத்திலேயே தனியாக இருந்து படிப்பார். மிஞ்சிய காசு புத்தகங்களுக்குப் போயிற்று. (விடுதித் தோழியர் இதைப் பின்பற்ற வேண்டாம். சிஸ்டர் விடமாட்டார்கள்.)

அதே 1722-ஆம் ஆண்டில் ஒரு வேடிக்கையும் செய்தார். அண்ணன் நடத்திய செய்தித்தாளுக்கு, சைலன்ஸ் டூகுட் என்னும் கைம்பெண் எழுதுவது போல 14 கடிதங்கள் எழுதி, இரவில் அச்சுக்கூடக் கதவுக்கு அடியில் தள்ளிவிட்டார். எழுதியது தம்பிதான் என்று தெரியாமலே அண்ணனும் அச்சிட்டார். அந்தக் கடிதங்களில் ஒன்று பெண்களுக்குக் கல்வி தராதிருப்பது அநியாயம் என்று வாதாடியது. இதைப் படித்தபோது எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சியாக இருந்தது. அந்த மகிழ்ச்சி வெகுநேரம் நீடிக்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறோம்.

1723-இல் அண்ணனோடு மனக்கசப்பு ஏற்பட்டு, வீட்டை விட்டுப் பிலடெல்பியா நகருக்குப் போனார். பிறகு இலண்டனில் ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுகள் அச்சுத் தொழில் செய்தார். அங்கே தாம் தங்கிய வீட்டுக்கு அடுத்திருந்த பழைய புத்தகக் கடைக்காரரோடு ஓர் ஏற்பாடு செய்துகொண்டு, புத்தகங்களை எடுத்துப் படித்துத் திருப்பித் தந்தார். 1726-இல் மீண்டும் பிலடெல்பியா வந்து சேர்ந்தார்.

அடுத்த ஆண்டு அவர் தொடங்கிய சங்கத்தின் பெயர் ஜுண்டோ. 12 பேர் கொண்ட சிறிய சங்கம். பெரிய மனிதர்கள் யாரும் அதில் இல்லை. சன்னலுக்குக் கண்ணாடி பொருத்துபவர் ஒருவர், செருப்புத் தைத்தவர் ஒருவர், தச்சர், நில அளவைக்காரர், பத்திரங்களை நகல் எடுப்பவர், அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர்கள். வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் கூடினார்கள். ஒவ்வொரு கூட்டத்திலும் உறுப்பினர்கள் விடை சொல்லவேண்டிய 24 கேள்விகளைப் பிராங்க்ளின் எழுதி வைத்திருந்தார். அவற்றுள் முதல் கேள்வியே புத்தகத்தைப் பற்றியதுதான். கடைசியாகப் படித்த நூலில், மற்றவர்களுக்குச் சொல்லத்தக்கதாக எதைக் கண்டீர் என்பது அதன் கருத்து. நாள் முழுவதும் உளியும் ஊசியும் பிடித்த கைகள், வெள்ளிக்கிழமை வருமுன் ஒரு புத்தகத்தையாவது பிடித்தாக வேண்டும்!

எங்கள் வகுப்பிலும் நூலகப் பாடவேளையில் இதே கேள்வியைக் கேட்டுப் பார்த்தோம். முதலில் துப்பறியும் கதைகளே வரிசையாக வந்தன. பிறகு, வகுப்பில் வாயே திறக்காத தோழி ஒருத்தி எழுந்து, தேனீக்களைப் பற்றித் தான் படித்த ஒரு புத்தகத்தைச் சொல்லத் தொடங்கினாள். மணி அடிக்கும்வரை வேறு யாரும் பேசவில்லை.

ஜுண்டோவில் விவாதம் வந்தால் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கும். ஆகவே அவரவர் புத்தகங்களைக் கொண்டு வந்து ஒரே அறையில் வைத்துவிடலாம் என்றார் பிராங்க்ளின். அப்படியே செய்தார்கள். ஆனால் சரியாகப் பராமரிக்க ஆள் இல்லை. ஓராண்டு ஆனதும் அவரவர் புத்தகத்தை அவரவர் வீட்டுக்கு எடுத்துப் போய்விட்டார்கள். அவர் சோர்ந்துவிடவில்லை. 1731-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் பிலடெல்பியா லைப்ரரி கம்பெனி என்னும் சந்தா நூலகத்துக்கு உடன்படிக்கை எழுதினார். 50 பேர் சேர்ந்தார்கள். தொடக்கத்தில் ஆளுக்கு 40 ஷில்லிங், பிறகு ஆண்டுக்கு 10 ஷில்லிங். தனி ஒருவரால் வாங்க முடியாத புத்தகங்களை ஐம்பது பேர் சேர்ந்து வாங்கினார்கள். முதல் புத்தகங்கள் 1732-இல் இலண்டனிலிருந்து கப்பலில் வந்து இறங்கின. உறுப்பினர் அல்லாதவர்களும் ஈட்டுப் பணம் கட்டிப் புத்தகம் எடுக்கலாம் என்று விதி இருந்தது. இலண்டனில் அவர்களுக்குப் புத்தகம் வாங்கி அனுப்பிய பீட்டர் காலின்சன் என்பவர் பிற்பாடு ஒரு கண்ணாடிக் குழாயையும் அனுப்பி வைத்தார். அதைத் தேய்த்து மின்பொறி உண்டாக்கப் போய்த்தான் பிராங்க்ளின் மின்சார ஆராய்ச்சியில் இறங்கினார். 1752-இல் விட்ட பட்டத்துக்கு நூல் கட்டியது நூலகம் என்றே நாங்கள் சொல்வோம்.

இரவல் வாங்குவதில் அவருக்கு இருந்த சாமர்த்தியம் வேறு யாருக்கும் வராது. 1737-இல் சட்டசபையின் எழுத்தர் பதவிக்கு அவரை மறுபடியும் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று புதிய உறுப்பினர் ஒருவர் நீளமாகப் பேசினார். பிராங்க்ளின் அவரிடம் கெஞ்சவுமில்லை, சண்டைக்குப் போகவுமில்லை. அவரிடம் அரிய புத்தகம் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு, சில நாட்களுக்கு இரவலாகத் தரும்படி கடிதம் எழுதினார். அவர் உடனே அனுப்பினார். ஒரு வாரத்தில் நன்றிக் கடிதத்தோடு புத்தகம் திரும்பிப் போயிற்று. அடுத்த முறை சந்தித்தபோது அவராகவே வந்து பேசினார். சாகும்வரை இருவரும் நண்பர்கள்.

இனித் தங்கையின் கதை. ஜேன், 1712-இல் பிறந்தவள், 17 பிள்ளைகளில் கடைசி. பாஸ்டனில் அக்காலத்தில் பொதுப் பள்ளிகள் ஆண்பிள்ளைகளுக்கே. 1727-ஆம் ஆண்டு, அண்ணன் ஜுண்டோவைத் தொடங்கிய அதே ஆண்டு, ஜேனுக்குத் திருமணம் ஆயிற்று. அவள் வயது 15. எங்கள் வயது. மாப்பிள்ளை குதிரைச் சேணம் செய்பவர். கடன் அவரை விட்டதே இல்லை. அவ்வாண்டின் தொடக்கத்தில் அண்ணன் அவளுக்கு ஒரு பரிசு அனுப்பினார். தேநீர் மேசை அனுப்பலாமா என்று யோசித்து, நல்ல இல்லத்தரசியாவதற்கு அதைவிடப் பொருத்தம் என்று ஒரு நூற்பு இராட்டையை அனுப்பினார். ஐந்தே ஆண்டுகளுக்கு முன் பெண் கல்விக்காக வாதாடியவர் சொந்தத் தங்கைக்கு ஒரு புத்தகம் அனுப்பக் கூடாதா? எங்களுக்கு அவர்மேல் உண்மையாகவே கோபம் வந்தது.

அவர் தொடங்கிய நூலகத்திலும் ஒரு பெண், சாரா விஸ்டார், முதன்முதலாகப் பங்கு வாங்கியது 1769-இல்தான். 38 ஆண்டுகள் ஆயின.

ஜேனுக்கு 12 பிள்ளைகள் பிறந்தன. 11 பேர் அவர் கண்முன்னே இறந்தார்கள். பிறப்பையும் இறப்பையும் குறித்து வைக்கத் தாள்களைத் தாமே தைத்து ஒரு சிறு ஏடு செய்து கொண்டார். அத்தனைக்கும் நடுவில் அவர் படிப்பதை விடவில்லை. அண்ணன் எழுதியவற்றை எல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கிப் படித்தார். பிராங்க்ளினும் பிற்காலத்தில் அவருக்குப் புத்தகங்கள் அனுப்பினார். வேறு யாரையும்விட இந்தத் தங்கைக்கே அதிகமாகக் கடிதம் எழுதினார். எழுத்துப் பிழைகளுக்காக அவர் வெட்கப்பட்டபோது ஆறுதலும் சொன்னார்.

1786-இல், தம் 74-ஆவது வயதில், ஜேன் தாம் படித்துக் கொண்டிருந்த ஒரு நூலைப் பற்றி அண்ணனுக்கு எழுதினார். நூலாசிரியர் ரிச்சர்டு பிரைஸ். நியூட்டன் போன்ற அறிவாளிகள் ஆயிரக்கணக்கானோர், வறுமையினாலும் வாய்ப்பு இல்லாமையினாலும் உலகுக்குத் தெரியாமலே மறைந்திருக்கக்கூடும் என்று அதில் படித்ததைக் குறிப்பிட்டிருந்தார். ஜுண்டோவின் முதல் கேள்விக்கு இதைவிட நல்ல விடையை அந்த 12 ஆண்களில் யாராவது சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை.

பிராங்க்ளின் 1790-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் காலமானார். ஒரு காலத்தில் தாமும் அடிமைகளை வைத்திருந்த அவர், அவ்வாண்டு பிப்ரவரியில் அடிமை முறையை ஒழிக்கக் கோரும் மனுவில் கையொப்பமிட்டிருந்தார். அவர் பெயரைச் சூட்டிக்கொண்ட மாசசூசெட்ஸ் சிற்றூர் ஒன்று ஆலயத்துக்கு மணி கேட்டபோது, மணிக்குப் பதிலாக அவர் புத்தகங்கள் அனுப்பியிருந்தார். அவற்றை ஊரார் எல்லாரும் இலவசமாக எடுத்துப் படிக்கலாம் என்று அவ்வூர் தீர்மானித்ததும் அதே 1790-இல்தான். பாஸ்டனில் ஜேன் குடியிருந்த வீட்டை உயில் மூலம் அவருக்கே எழுதி வைத்திருந்தார். ஜேன் 1794-இல் இறந்தார். அவர் தைத்த சிறு ஏடு இன்றும் பத்திரமாக இருக்கிறது.