ஒளியில் ஒரு கோடு... அதில் நட்சத்திரத்தின் தூரம்! ஜவ்வாது மலைக்கு விண்மீன்களைக் கொண்டுவந்த வைணு பாப்பு யார்?

திருப்பத்தூர் மாவட்டம் ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலை ஏறினால் காவலூர் வரும். அங்கே மரங்களுக்கு நடுவே பெரிய வெள்ளைக் கூண்டு ஒன்று நிற்கும். அதற்குள் இருக்கும் தொலைநோக்கிக்கும், அந்த வளாகத்துக்கும் ஒரே பெயர்தான்: வைணு பாப்பு. இத்தனைக்கும் அந்தத் தொலைநோக்கி வழியாக அவர் ஒருமுறைகூட வானத்தைப் பார்த்ததில்லை.

1927 ஆகஸ்ட் 10-ல் சென்னையில் பிறந்தவர் பாப்பு. வளர்ந்தது ஹைதராபாத்தில். அப்பாவுக்கு அங்குள்ள நிஜாமியா வானாய்வகத்தில் வேலை. மற்ற பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடும் வயதில், இவர் தொலைநோக்கியைச் சுற்றிச் சுற்றி வந்தார். 1949-ல் உதவித்தொகையுடன் அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போனார். போன அதே ஆண்டு ஜூலையில், தான் எடுத்த படத்தகட்டில் ஒரு புதிய வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்தார். பாப்பு-போக்-நியூகிர்க் என்று அதற்குப் பெயர்.

ஆனால் உலகம் இன்றும் அவர் பெயரைச் சொல்வதற்குக் காரணம் வேறு.

அந்தக் கோட்டில் என்ன இருக்கு?

ராத்திரி தூரத்தில் ஒரு வெளிச்சம் தெரியுது. பக்கத்தில் இருக்கும் டார்ச் லைட்டா, தொலைவில் வரும் லாரியின் ஹெட்லைட்டா? வெறும் பிரகாசத்தை வைத்துச் சொல்ல முடியாது. நட்சத்திரத்திலும் இதே சிக்கல்தான். அது நிஜத்தில் எவ்வளவு பிரகாசம் என்று தெரிந்தால் போதும், தூரத்தைக் கணக்குப் போட்டுவிடலாம். ஏன்னா தூரம் 2 மடங்கானால் நம் கண்ணுக்கு வரும் வெளிச்சம் நான்கில் ஒரு பங்காகிவிடும். அந்த நிஜப் பிரகாசத்தை எப்படித் தெரிந்துகொள்வது?

இங்கேதான் அலைகள் வருகின்றன. ஜோலார்பேட்டை பிளாட்பாரத்தில் நிற்கும்போது ஒரு ரயில் நிற்காமல் கடந்து போனால் கவனித்துப் பாருங்கள். நெருங்கி வரும்போது ஹாரன் கீச்சென்று கேட்கும், தாண்டிப் போனதும் சத்தம் கனத்துவிடும். வரும்போது ஒலி அலைகள் நெருக்கப்படுகின்றன, போகும்போது நீட்டப்படுகின்றன. ஒளிக்கும் இதே கதைதான். நம்மை நோக்கி வரும் வாயுவின் ஒளி ஊதாப் பக்கம் நகரும், விலகிப் போவது சிவப்புப் பக்கம் நகரும். கொதிக்கும் வாயுவில் இரண்டும் கலந்திருப்பதால், நிறமாலையில் மெல்லியதாக விழவேண்டிய கோடு அகலமாகிவிடும்.

பாப்புவும் அமெரிக்க வானியலாளர் ஓலின் வில்சனும் எடுத்துக்கொண்டது கால்சியத்தின் ஒரு கோடு. ஆமாம், நம்ம எலும்பிலும் சுண்ணாம்பிலும் இருக்கும் அதே கால்சியம்தான். சூரியனைப் போன்ற, அதைவிடக் கொஞ்சம் குளிர்ந்த நட்சத்திரங்களில் அந்தக் கருங்கோட்டின் நடுவே ஒரு சின்ன ஒளிக்கீற்று தெரியும். அதன் அகலத்தை அளந்தார்கள். அகலம் கூடக்கூட நட்சத்திரத்தின் நிஜப் பிரகாசமும் ஏறியது. அகலம் 2 மடங்கு என்றால் பிரகாசம் ஏறத்தாழ 60 மடங்கு! இது ஏன் இவ்வளவு ஒழுங்காக நடக்கிறது என்பதில் விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் வாதாடினார்கள். வாயுவின் ஓட்டம் மட்டும் காரணமில்லை, நட்சத்திரத்தின் ஈர்ப்புக்கும் பங்குண்டு என்றார்கள். ஆனால் அளவீடு நின்றது. 1957-ல் வெளியான இதற்கு வில்சன்-பாப்பு விளைவு என்று பெயர்.

வெளிநாட்டிலேயே இருந்திருக்கலாமே?

இருந்திருக்கலாம். திரும்பி வந்தார். உத்தரப் பிரதேச அரசின் வானாய்வகத்தை நைனிடாலில் நிலைநிறுத்திவிட்டு, 1960-ல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநரானார். கொடைக்கானல் சூரியனைப் பார்க்க நல்ல இடம். இரவு வேலைக்கு மேகம் பெரிய தொல்லை. அதனால் தென்னிந்தியாவில் வேறு மலை தேடத் தொடங்கினார்.

மேகம் மட்டும் பிரச்சினை இல்லை. வெயிலில் தார் ரோட்டுக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீங்க. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலக்கும் இடத்தில் ஒளி வளைகிறது. நட்சத்திரம் மினுக்குவதும் இதனால்தான். நமக்கு அது அழகு, தொலைநோக்கிக்குத் தலைவலி. காற்று அமைதியாகவும் இரவு இருட்டாகவும் இருக்கும் இடம் வேணும். சுமார் 725 மீட்டர் உயரத்தில், சந்தனக் காடுகளுக்குப் பேர்போன ஜவ்வாது மலையில் காவலூர் கிடைத்தது. நிலநடுக்கோட்டுக்குப் பக்கம் என்பதால் தென்வானத்தின் பெரும்பகுதியும் தெரியும்.

1968-ல் வேலை தொடங்கியது, கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. தொலைநோக்கியோடு. 1972-ல் ஜெர்மனியின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10-ல் யுரேனஸ் ஒரு நட்சத்திரத்துக்கு முன்னே கடந்தபோது, அந்த நட்சத்திர ஒளி திடீரென மங்கியது காவலூரிலும் பதிவானது. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்று உலகம் அறிந்த இரவு அது.

பாப்புவுக்கு அது போதவில்லை. 2.34 மீட்டர் கண்ணாடி கொண்ட தொலைநோக்கியை இந்தியாவிலேயே செய்ய வேண்டும் என்றார். கண்ணாடியைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் வேலை பெங்களூருவில் நடந்தது. இம்மியளவு பிசகினாலும் பிம்பம் கெட்டுவிடும் என்பதால், ஆண்டுக்கணக்கில் இழுத்த வேலை.

அதற்கிடையே 1979-ல் சர்வதேச வானியல் ஒன்றியத்தின் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். 1982 ஆகஸ்டில் கிரீஸின் பட்ராஸ் நகரில் ஒன்றியத்தின் பொதுக்குழு கூடியபோது, தலைவர் அங்கே இல்லை. இதய அறுவை சிகிச்சைக்காக மூனிச் மருத்துவமனையில் இருந்தார். கூட்டம் நடந்துகொண்டிருந்த நாட்களிலேயே, ஆகஸ்ட் 19 அன்று காலமானார். வயது 55.

அவருடைய குழுவினர் வேலையை நிறுத்தவில்லை. 1986 ஜனவரி 6-ல் பிரதமர் ராஜீவ் காந்தி காவலூருக்கு வந்து 2.34 மீட்டர் தொலைநோக்கியைத் திறந்துவைத்தார். அன்றுதான் அதற்கும் வானாய்வகத்துக்கும் பாப்புவின் பெயர் வைக்கப்பட்டது.