ஆல்பெர் காம்யு

வட ஆப்பிரிக்காவில், அந்நாட் பிரெஞ்சு ஆட்சிக்குட்பட்டிருந்த அல்ஜீரியாவின்கண், மொந்தோவி என்னும் சிற்றூரில் 1913-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 7-ஆம் நாள் காம்யு பிறந்தனர். தந்தையார் முதற் பெரும்போரிற் புண்பட்டு 1914-இல் இறந்தனர். செவிப்புலன் குறைந்தவரும் எழுத்தறியாதவருமாகிய அன்னையார் அல்ஜியர்ஸ் நகரிற் பிறர் மனைகளைத் துப்புரவு செய்து மக்களிருவரையும் வளர்த்து வந்தனர். லூயி ஜெர்மேன் என்னும் பள்ளியாசிரியரே இளையவராகிய காம்யு உதவிச் சம்பளம் பெற்று மேற்படிப்புப் புக வழிசெய்தவர்.

தந்தையைப்பற்றி மகனார் கேட்டறிந்தவை மிகச் சில. ஒரு குடும்பத்தைக் குழந்தைகளோடு கொன்றானொருவன் தலைவெட்டுண்பதைக் காண அவர் விருப்புடன் சென்றனரென்பதும், மீண்டுவந்து ஒன்றும் பேசாது படுத்து வாந்தியெடுத்தனரென்பதும் அவற்றுள் ஒன்று. இச்செய்தி காம்யுவின் உள்ளத்தை வாழ்நாள் முழுதும் விட்டகலவில்லை.

பதினேழாம் அகவையிற் காசநோய் பற்றிற்று. 1936-இல் புளோட்டினசு, அகுஸ்தீன் என்னும் இருவர் கொள்கைகளையும் ஆராய்ந்து பல்கலைக்கழகத்திற்கு ஆய்வுரை அளித்தனர். அகுஸ்தீன் சமயத் தலைவராயிருந்த இப்போ நகர் மொந்தோவிக்கு அணித்தே உள்ளது. அவ்விருவரையும் கற்றும் காம்யு இறைவனுண்மையை ஏற்றிலர். உலகிற்குப் பொருள் காணப்படாவிடத்தும் தற்கொலை விடையாகாதென்று 1942-இல் வெளிவந்த சிசிபசு பற்றிய நூலில் நிறுவினர். கடவுட் கொள்கையுடையார்க்கு அவர் முடிபு உடன்பாடாகாது; எனினும் அவர் பின்னர் நடந்துகொண்ட முறை எண்ணத்தக்கது.

செருமானியர் பிரான்சை அடிப்படுத்தியிருந்த காலத்தில் 'கொம்பா' என்னும் மறைமுகப் பத்திரிகையிற் பணிபுரிந்தனர். விடுதலைக்குப்பின், பகைவர்க்குத் துணைபோனாரை ஒறுத்தல் வேண்டுமென்று கடுமையாக எழுதினர். இரக்கம் வேண்டிய மொரியாக் என்னும் கத்தோலிக்க எழுத்தாளரை மறுத்துரைத்தனர். ஆயின் 1945 சனவரியில், தாம் அருவருத்த பிராசியாக் என்பார்க்குக் கொலைத்தண்டனை விதிக்கப்பட்டபொழுது, அவருயிரைக் காக்கும் விண்ணப்பத்திற் கையொப்பமிட்டனர். அது பயன்படவில்லை. பின்னொரு காலத்துத் தொமினிக்கத் துறவியர் அவையில், அவ்வாதத்தில் மொரியாக்கே சரியென வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர். புகழ்மிக்கான் ஒருவன் பலரறியத் தன் பிழையை உரைப்பது எளிதன்று.

அல்ஜீரிய விடுதலைப்போர் 1954-இல் மூண்டது. போரிடாத மக்களைக் கொல்லாதொழியுமாறு 1956-இல் அல்ஜியர்ஸ் நகரில் இருதிறத்தாரையும் வேண்டினர், எவரும் செவிசாய்த்திலர். அதன்மேல் வாய்வாளாமை மேற்கொண்டாராயினும், கொலைத்தண்டனை பெற்ற அல்ஜீரியர்க்காக மறைவில் முயன்றனர். 1957-இல் தந்தையாரின் அச்செய்தியையே முகப்பாகக் கொண்டு, கொலைத்தண்டனையை மறுக்கும் நீண்ட கட்டுரை வரைந்தனர். அவ்வாண்டே நோபல் பரிசும் எய்தியது. பரிசுபெற்று ஆற்றிய உரைகளைத் தம் பள்ளியாசிரியர்க்கு உரிமையாக்கினர்.

1960 சனவரி 4-ஆம் நாள் மோட்டார் வண்டி மரத்தில் மோத, நாற்பத்தாறாம் அகவையில் இறந்தனர். உடனிருந்த பையில் முற்றுப்பெறாத கதையொன்றன் கையெழுத்துப்படி கிடைத்தது. அது 1994-இல் அச்சேறிற்று. தந்தையைத் தேடும் மகனது கதை அது. எழுத்தறியா அன்னையார்க்கே அதனை அவர் உரிமையாக்கியிருந்தனர்.