பட்டம் வாங்காத பேராசிரியர்

பதினான்கு வயதில் பள்ளியை விட்ட ஒரு பையன், பல்கலைக்கழகப் பட்டம் ஒன்றுகூட இல்லாமல் லண்டனில் பேராசிரியர் ஆனார் என்றால் நம்ப முடிகிறதா? உண்மையில் நடந்ததுதான். அவர் பெயர் ரிச்சர்ட் டிட்மஸ்.

1907-இல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்ட்ஷயரில் ஒரு சிறு விவசாயியின் மகனாகப் பிறந்தார். பள்ளியை விட்டபின் ஆறு மாதம் கணக்கு எழுதப் பழகினார். மேல்படிப்பு என்று சொன்னால் அவ்வளவுதான். 1926-இல் தகப்பனார் கண்ணை மூடிவிட, குடும்பப் பாரம் இவர் தலையில் விழுந்தது. தீ விபத்துக் காப்புறுதிக் கம்பெனி ஒன்றில் கிராணி வேலைக்குச் சேர்ந்தார். பதினாறு வருடம் அங்கேதான்.

பகலில் கம்பெனிக் கணக்கு. வேலை முடிந்து வீடு திரும்பினால் வேறொரு கணக்கு. நாட்டில் யார், எங்கே, எந்த வயதில் சாகிறார்கள் என்ற கணக்கு அது. 1937-இல் மணந்துகொண்ட மனைவி கே அம்மையார் இதற்குப் பெருந்துணை. காப்புறுதி ஆபீசில் இருந்தவருக்கு ஒரு விஷயம் நன்றாகப் பிடிபட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு வீடு எரிந்தால் விதி என்போம். ஆயிரம் வீட்டுக் கணக்கைப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும்.

1943-இல் வந்த அவருடைய நூல் பச்சிளங் குழந்தைகளின் சாவைப் பற்றியது. 1911 முதல் 1932 வரை நாடு முழுவதும் அந்தச் சாவு குறைந்துதான் வந்தது. சந்தோஷமான செய்தி அல்லவா? டிட்மஸ் விடவில்லை. தகப்பன் பார்க்கும் தொழில்வாரியாகக் கணக்கைப் பிரித்தார். வசதியுள்ள வீட்டுத் தொட்டிலுக்கும் கூலிக்காரர் வீட்டுத் தொட்டிலுக்கும் இருந்த இடைவெளி சுருங்கவில்லை, அகன்றிருந்தது!

போர்க்கால மக்கள் வாழ்வைப் பற்றி அவர் எழுதிய பெரிய வரலாறு 1950-இல் வெளிவந்தது. அதே ஆண்டு லண்டன் பொருளியல் கல்லூரி அவரைப் பேராசிரியராக்கியது.

பிறகுதான் பெரிய சோதனை. 1948 ஜூலை 5 முதல் பிரிட்டனில் பணக்காரன், ஏழை எல்லாருக்கும் பொது வைத்தியம் வந்திருந்தது. எதிர்பார்த்ததைவிடச் செலவு ஏறியதும், இப்படியே போனால் கஜானா காலியாகிவிடும் என்று கூச்சல் கிளம்பியது. 1953-இல் அரசாங்கம் ஒரு விசாரணைக் குழு வைத்தது. டிட்மஸும் இளைஞர் பிரையன் ஏபல்-ஸ்மித்தும் அந்தக் குழுவுக்காகக் கணக்கைப் புரட்டினார்கள். பவுன் கணக்கில் செலவு கூடியது மெய்தான். ஆனால் விலைவாசியும் நாட்டின் வருமானமும் கூடவே ஏறியிருந்தன. அந்த வருமானத்தில் வைத்தியத்தின் பங்கைப் பார்த்தால் 1949-50-இல் 3¾ விழுக்காடு, 1953-54-இல் 3¼ விழுக்காடு. குறைந்திருக்கிறது! பணம் விரயமாகிறது என்ற புகாருக்கு ஆதாரமில்லை என்று குழு 1956-இல் அறிக்கை கொடுத்தது. வைத்தியச் செலவைக் கணக்கிடும் துறைக்கு இது ஒரு முன்னோடி வேலை.

நம்மவர்களும் கரும்புத் தோட்டங்களில் பாடுபட்ட மொரீசியஸ் தீவுக்கும் அவர் ஆய்வு செய்து 1961-இல் அறிக்கை எழுதினார்.

அவர் பெயர் உலகெங்கும் பரவியது 1970-இல், ரத்ததானம் பற்றிய நூலால். அமெரிக்காவில் அப்போது காசுக்கு ரத்தம் வாங்குவது சாதாரணம். வறுமையில் கிடந்தவர்கள் நோயை மறைத்துக்கூட விற்றார்கள். வாங்கிய நோயாளிக்கு மஞ்சள்காமாலை ஒட்டிக்கொண்டது. பிரிட்டனில் காசு கிடையாது, மனமிருந்தால் கொடுக்கலாம். அந்த ரத்தமே சுத்தமானது, செலவும் குறைவு என்று காட்டினார். பொருளாதார அறிஞர்கள் சிலர் ஒப்பவில்லை. கென்னத் ஆரோ என்ற பெரியவரே மறுத்து எழுதினார். ஆனாலும் 1978-இல் அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. தானமாக வந்த ரத்தமா, காசுக்கு வாங்கியதா என்று சீட்டில் எழுதியாக வேண்டும்.

அதைப் பார்க்க அவர் இல்லை. நுரையீரல் புற்றுநோய் கண்டு, 1973 ஏப்ரல் 6-இல் 65 வயதில் காலமானார். கடைசி மாதங்களில் அவர் சிகிச்சைக்குப் போனது, தாம் கணக்குப் போட்டுக் காத்த அதே பொது ஆஸ்பத்திரிக்குத்தான். டிரினிடாட்டிலிருந்து வந்த 25 வயது இளைஞன் ஒருவனுக்கும் அவருக்கும் தினம் காலை பத்து மணி, ஒரே நேரம். சில நாள் அவன் முதலில் உள்ளே போவான், சில நாள் பேராசிரியர் போவார். லண்டன் தெருவில் அன்றைக்கு யாருடைய வண்டி நெரிசலில் மாட்டிக்கொண்டதோ, அவருக்குத்தான் இரண்டாம் இடம்.