புதுக்கோட்டைக்குக் குளங்களைக் காத்துக் கொடுத்த திவான்: யார் இந்த சேஷய்யா சாஸ்திரி?

பக்கத்து ஊராட்சிகளையும் சேர்த்துக்கொண்டு 2024-ல் மாநகராட்சி ஆனது புதுக்கோட்டை. ஊராட்சி நகரமானால் மனை விலை ஏறும். ஊரக வேலை உறுதித் திட்டம் போய்விடும், வரியும் கூடும். ஊர் வளர்ச்சியில் யாருக்கு என்ன கிடைக்கும் என்ற இந்தக் கணக்கு இங்கே ரொம்பப் பழசு.

தஞ்சாவூர்ச் சீமையில் 1828-ல் பிறந்தவர் சேஷய்யா சாஸ்திரி. திருவிதாங்கூர் திவானாக இருந்துவிட்டு, 1878-ல் புதுக்கோட்டை சமஸ்தானத்துக்கு வந்தார். ஊரின் நேர்த்தெருக்களை அவர் போட்டதாகப் பலர் நினைப்பதுண்டு. அது சரியில்லை. 1812 தீ விபத்துக்குப் பிறகு தொண்டைமான் மன்னரும் மேஜர் பிளாக்பர்னும் சேர்ந்து போட்டது அது.

சாஸ்திரி கை வைத்தது தண்ணீரில். ஆறு கைகொடுக்காத ஊர், குளம்தான் குடிநீர். புதுக்குளம் உள்ளிட்ட குளங்களைச் சீரமைத்தார். நாற்பது வருஷம் கழித்து சென்னை செய்தது நேரெதிர்: நீண்ட ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. வீடு கிடைத்தது, ஏரி போச்சு.

சமஸ்தானத்துக் கிராமங்களில் விளைச்சலைப் பங்கு போடும் அமானி முறையை ஒழித்து, பணமாக வரி வாங்கினார். குடியானவனுக்கு அதிகாரிகளின் பிடுங்கல் குறைந்தது. ஆனால் திருவரங்குளம் மாதிரி வானம் பார்த்த ஊர்களில், மழை பொய்த்த வருஷத்தில் காசு கட்டுவது லேசான காரியமா என்ன?

1886-ல் மன்னர் சிறுவன் என்பதால் ஆட்சியே சாஸ்திரி கைக்கு வந்தது. 1894-ல் ஒப்படைத்துவிட்டு விலகினார். 1903-ல் மறைந்தார். புதுக்குளம் இன்றும் ஊருக்கு நடுவில் இருக்கிறது.