இரண்டாம் எண்ணிக்கையில் வென்றவர்

கூடுதல் வாக்குப் பெற்றவர் வெற்றி பெறுவார் என்பது நம் ஊர்ப் பஞ்சாயத்துத் தேர்தலின் விதி. இந்தியக் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவ்விதி செல்லாது. அங்கே செல்லத்தக்க வாக்குகளின் மொத்த மதிப்பில் பாதியைத் தாண்டியாக வேண்டும். எவரும் தாண்டாவிடில், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருக்கு வாக்களித்தோர் இரண்டாவதாக யாரை விரும்பினர் என்று பார்த்து, அவ்வாக்குகளை மற்றவர்க்குப் பகிர்ந்தளிப்பர். பிரான்சு நாட்டில் இதற்காக மக்களை மறுபடியும் சாவடிக்கு அழைக்கின்றனர். நம் அரசியற் சட்டமோ ஒரே சீட்டில் 1, 2, 3 என்று எழுதச் சொல்லிவிட்டது. இம்முறை இருந்தும், அதன் உதவி உண்மையில் தேவைப்பட்டது ஒரே ஒரு முறைதான். அது 1969ஆம் ஆண்டு. அவ்வாறு வென்றவர் வராககிரி வேங்கடகிரி.

நான் தேவிகுளம் மலையிலிருந்து வந்தவன். என் பாட்டி கொழுந்து கிள்ளியவர். தாய்வழி உறவினர் பாலக்காட்டிலும் சித்தூரிலும் இருக்கின்றனர். எங்கள் பக்கத்துத் தமிழர்க்கும் இந்தக் கிரிக்கும் உள்ள தொடர்பை நம் மாணவ நண்பர்களில் பலர் அறியார். ஆதலின் அவர் வாழ்வை இங்கே எழுதத் துணிந்தேன்.

கிரி பிறந்தது 1894 ஆகஸ்டு 10ஆம் நாள், அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்துப் பெரம்பூரில். ஒரிய நாட்டுப் பெரம்பூர் அது. நம் சென்னைப் பெரம்பூர் அன்று. தந்தை ஜோகய்ய பந்துலு வழக்கறிஞர். மகனும் சட்டம் பயில 1913இல் அயர்லாந்தின் டப்ளின் நகருக்குக் கப்பலேறினார். படிக்கச் சென்ற இடத்தில் அவர் கண்டது ஆங்கிலேயரை எதிர்த்துக் கொதித்துக்கொண்டிருந்த இன்னொரு அடிமை நாட்டை. ஐரிஷ் விடுதலை இயக்கத்தோடு உறவு கொண்டார். 1916இல் ஈஸ்டர் எழுச்சி வெடித்து அடக்கப்பட்டதும், நாட்டை விட்டு வெளியேறும்படி அவருக்கு ஆணை வந்தது. பிற்காலத்தில் நம் அரசியற் சட்டம் எழுதியோர் குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் விருப்பு வாக்கு முறைக்கு அந்த ஐரிஷ் சட்டத்தையே முன்மாதிரியாகக் கொண்டனர் என்பது ஒரு வியப்பு. அந்நாட்டிலும் 1990இல் முதல் எண்ணிக்கையில் பின்தங்கியிருந்த மேரி ராபின்சன் என்ற அம்மையார் இரண்டாம் எண்ணிக்கையில் முந்தி வென்றார்.

திரும்பி வந்த கிரி வழக்கு மன்றத்தில் நெடுநாள் நிலைக்கவில்லை. ஒத்துழையாமை இயக்கத்தில் சிறை சென்றார். பிறகு இரயில்வேத் தொழிலாளரிடம் சென்றார். வங்க நாகபுரி இரயில்வேச் சங்கத்தைக் கட்டி வளர்த்தார். அகில இந்திய இரயில்வே ஊழியர் சம்மேளனம் தோன்றியதிலும் அவர் கை இருந்தது. 1928இல் ஆட்குறைப்பை எதிர்த்துக் கரக்பூரில் நடந்த வேலைநிறுத்தத்தை வன்முறையின்றி நடத்தினார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்கு 1926இலும் 1942இலும் தலைவரானார். 1931இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டில் தொழிலாளர் சார்பில் அமர்ந்தார். இந்த இரயில்வேச் சம்மேளனத்தை நண்பர்கள் நினைவில் வைக்க வேண்டுகிறேன். கட்டுரையின் கடைசியில் அது திரும்ப வரும்.

1937இல் சென்னை மாகாணத்தில் இராஜாஜி அமைச்சரவை அமைந்தபோது தொழிலாளர் துறை கிரியிடம் வந்தது. அத்தேர்தலில் அவர் தோற்கடித்தது பொப்பிலி அரசரை, அதுவும் அரசரின் சொந்த மண்ணிலே! 1946இல் பிரகாசம் அமைச்சரவையிலும் இருந்தார்.

அடுத்துத்தான் நம்மவர் கதை வருகிறது. 1947இல் இலங்கைக்கு இந்தியாவின் முதல் ஹைகமிஷனராகக் கிரி கொழும்பு சென்றார். அந்த ஆண்டு நடந்த தேர்தலில் தோட்டத் தமிழர் தம் வாக்கால் ஏழு உறுப்பினர்களைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியிருந்தனர். அது பொறுக்குமா? 1948இல் குடியுரிமைச் சட்டம் வந்தது. தந்தையும் பாட்டனும் அங்கே பிறந்தமைக்குச் சான்று கேட்டது. லயத்து அறையில் பிறந்தவனிடம் பிறப்புச் சான்றுக்கு எங்கே போவது? 1949இல் வாக்குரிமையும் போயிற்று. ஏறத்தாழ ஏழு இலட்சம் தமிழர் நாடற்றவர் ஆயினர். டில்லிக்கும் கொழும்புக்கும் இடையே கடிதங்கள் பறந்தன; பேச்சுகள் நடந்தன; பயனில்லை. தொழிலாளர் தலைவராய்ச் சென்றவர், உழைப்பவனின் வாக்குச் சீட்டு பறிபோவதைத் தூதர் நாற்காலியில் அமர்ந்து பார்த்துவிட்டு 1951இல் திரும்பினார். அதை அவர் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் வாழ்வில் அதைப் போல் கனமான நான்காண்டுகள் வேறில்லை என்பது என் எண்ணம். ஒரே காலத்தில், ஒரே வகைக் கங்காணிகளால், ஒரே ஊர்களிலிருந்து அழைத்துச் செல்லப்பட்டோரே கண்டியிலும் மூணாற்றிலும் கொழுந்து பறித்தனர். இங்கே வந்தவர்க்கு வாக்கு நிலைத்தது. கடல் கடந்தவர்க்குப் போயிற்று. அவ்வளவே வேற்றுமை.

1952இல் கிரி பாதபட்டினம் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்று நேருவின் தொழிலாளர் அமைச்சரானார். தோட்டத் தொழிலாளர் சட்டம் அவர் காலத்தில், 1954 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. சட்டத்தை நிறைவேற்றியது 1951ஆம் ஆண்டுப் பாராளுமன்றம். ஆகவே அதன் புகழ் முழுவதையும் கிரிக்குச் சூட்டுதல் தகாது. எனினும் எஸ்டேட்டில் வீடும் மருத்துவமும் குடிநீரும், தாய்மார் மலைக்குச் செல்லும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓரிடமும் தொழிலாளியின் சட்ட உரிமை என்றாயிற்று. என் பாட்டி அந்தச் சட்டத்தின் பெயரை அறியார். ஆனால் அதற்கு முந்திய காலத்தையும் பிந்திய காலத்தையும் பிரித்துச் சொல்லத் தெரியும் அவருக்கு.

அதே ஆண்டில் கிரி பதவியைத் துறந்தார். வங்கி ஊழியர் சம்பளம் பற்றி மேல்முறையீட்டு நடுவர் மன்றம் ஒரு தீர்ப்பளித்திருந்தது. அரசாங்கம் அதைத் திருத்தி, ஊழியர்க்குக் கிடைத்ததைக் குறைத்தது. தம் துறைத் தீர்ப்பைத் தம் அரசே மதியாதபோது அமைச்சராயிருப்பது எதற்கு என்று வெளியேறினார். தொழிலாளியும் முதலாளியும் நேரில் பேசித் தீர்க்க வேண்டும், நடுவர் மன்றம் கடைசி வழியே என்று வாதாடியவர், அந்தக் கடைசி வழியின் முடிவைக் காக்கப் பதவி இழந்தார். 1957 தேர்தலில் பார்வதிபுரம் இரட்டைத் தொகுதியில் தோற்றார். அங்கே பழங்குடியினர் ஒருவர் பொது இடத்தையே வென்றுவிட்டார். அது செல்லாது என்று கிரி வழக்காடியதும், உச்ச நீதிமன்றம் 1959இல் அதை ஏற்காததும் எனக்கு அவ்வளவு இனிக்கவில்லை. ஏழைக்காகப் பேசியவர் அந்த வழக்கைப் போடாமலே இருந்திருக்கலாம்.

உத்தரப் பிரதேசத்தில் ஆளுநராயிருந்துவிட்டு, 1960 ஜூலையில் கேரளத்துக்கு வந்தார். வந்த ஆறாம் வாரமே, ஆகஸ்டு 8ஆம் நாள், பாலா சென்ட்ரல் பாங்கு மூடப்பட்டது. கேரளத்தின் பெரிய வங்கி அது. பாலாப் பக்கத்திலிருந்து மலையேறிக் காடு திருத்திக் குடியேறியோர் உட்பட எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது. ஆளுநரால் ஆவது ஒன்றுமில்லை. 1964 செப்டம்பரில் சங்கர் அமைச்சரவை கவிழ்ந்து குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது. 1965 மார்ச்சுத் தேர்தலில் 133 இடங்களில் 40 பெற்று மார்க்சிஸ்டுக் கட்சி முதலிடத்தில் நின்றது. அதன் உறுப்பினர் பலர் சிறையிலிருந்தனர். எவர்க்கும் பெரும்பான்மை இல்லை. சட்டமன்றம் கூடாமலே கலைந்தது. கிரி மைசூருக்கு மாறிச் சென்றார். நான்கே ஆண்டுகளில் அதே மார்க்சிஸ்டுகள் அவருக்கு வாக்களிக்கப்போகின்றனர் என்று அன்று யார் நினைத்திருப்பர்!

1967இல் கிரி துணைக் குடியரசுத் தலைவர். 1969 மே 3இல் ஜாகிர் உசேன் பதவியிலேயே மறைந்ததும் கிரி தற்காலிகத் தலைவரானார். துணைத் தலைவரே தலைவராதல் அதுவரை இரு முறை நடந்த வழக்கம். காங்கிரசின் மூத்தோர் கூட்டமோ, காமராசர் உட்பட, பெங்களூரில் கூடி நீலம் சஞ்சீவ ரெட்டியைத் தேர்ந்தெடுத்தது. பிரதமர் இந்திரா காந்திக்கு அதில் மனமில்லை. ஆயினும் ரெட்டியின் வேட்புமனுவில் கையெழுத்திட்டார். கிரி தனித்து நிற்பதாய் அறிவித்தார். ஜூலை 19இல் 14 வங்கிகளை நாட்டுடைமையாக்கும் அவசரச் சட்டம் வந்தது. கையெழுத்திட்டவர் கிரி. வங்கி ஊழியர்க்காக 1954இல் பதவி துறந்தவர், வங்கிகளையே அரசுக்கு ஆக்கிய தாளில் கையெழுத்திட்டு, மறுநாள் விலகித் தேர்தலில் குதித்தார்!

சுதந்திராக் கட்சியும் ஜனசங்கமும் சி. டி. தேஷ்முக்கை நிறுத்தின, அவர்களின் இரண்டாம் விருப்பைப் பெறக் காங்கிரசுத் தலைவர் நிஜலிங்கப்பா அவர்களிடம் பேசினார். அதையே காரணமாகக் காட்டி இந்திரா அம்மையார், மனச்சான்றின்படி வாக்களிக்கலாம் எனக் காங்கிரசாரை விடுவித்தார். கம்யூனிஸ்டுகள் இருசாராரும், தி.மு.க.வும், அகாலிகளும், முஸ்லிம் லீக்கும் கிரி பக்கம். தமிழ்நாட்டில் காமராசர் ஒருபுறம், கலைஞர் கருணாநிதி மறுபுறம். ஆகஸ்டு 16இல் வாக்களிப்பு, 20இல் எண்ணிக்கை.

பதினைந்து வேட்பாளர். முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டியது 4,18,169. கிரிக்கு 16,654 குறைந்தது. மற்றவரை ஒவ்வொருவராய் நீக்கி வாக்குகளைப் பகிர்ந்தபோது ரெட்டிக்கு மட்டும் 91,879 வந்து சேர்ந்தது, கிரிக்கு 18,562தான். பேசி வைத்தபடியே தேஷ்முக்கின் வாக்குகள் பெரும்பாலும் ரெட்டியிடம் போயின. அப்படியும் முடிவில் கிரி 4,20,077, ரெட்டி 4,05,427. வேறுபாடு 14,650. பாராளுமன்ற உறுப்பினர் ஒருவரின் வாக்குக்கு அன்று மதிப்பு 576. பதின்மூன்று உறுப்பினர் கிரியை விட்டு ரெட்டியிடம் போயிருந்தால் குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வேறொருவர் போயிருப்பார்.

எங்கள் மலைக்கு இதில் என்ன பங்கு? சட்டமன்ற உறுப்பினரின் வாக்கு மதிப்பு மாநில மக்கள் தொகையைப் பொறுத்தது. 1961 கணக்கின்படி கேரளத்து உறுப்பினருக்கு 127. தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர், கொல்லங்கோடு என்று தமிழர் நெருங்கி வாழும் ஒவ்வொரு தொகுதிக்கும் 127. அன்று இடுக்கி மாவட்டம் பிறக்கவில்லை. அது 1972 சனவரி 26இல், கிரியே குடியரசுத் தலைவராயிருந்தபோது பிறந்தது. தமிழ்நாட்டு உறுப்பினருக்கோ 144. 1956இல் மாநில எல்லைக் கோடு வேறு வகையாய் விழுந்திருந்தால் எங்கள் உறுப்பினரின் சீட்டுக்கும் ஏறத்தாழ அந்த மதிப்பே வந்திருக்கும்! இது வேடிக்கைக் கணக்கு. வேடிக்கையில்லாத கணக்கு ஒன்று உண்டு: பீர்மேட்டிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் 1967இல் மக்களவைக்குச் சென்ற இருவரும் கிரியை ஆதரித்த இரு கம்யூனிஸ்டுக் கட்சியினர். வாக்கு இரகசியம், எனினும் கட்சி வழி நின்றிருந்தால், எஸ்டேட்டுத் தமிழனும் சேர்ந்து அனுப்பிய சீட்டு அந்த நெருக்கமான எண்ணிக்கையில் இருந்தது. அதே தமிழனின் உடன்பிறப்பு கண்டி மலையில் வாக்கின்றி இருந்த காலம் அது. இலங்கையில் பின்னாளில் அவர்களும் குடியுரிமை பெற்றனர். 2024 செப்டம்பரில் அந்நாட்டு ஜனாதிபதித் தேர்தலில் முதன்முறையாக இரண்டாம் விருப்பு வாக்குகள் எண்ணப்பட்டபோது மலையகத்தாரின் சீட்டுகளும் அவற்றோடு கலந்தே கிடந்தன.

வென்ற கிரியை வழக்கு தொடர்ந்தது. ரெட்டியை இழிவுபடுத்தும் துண்டறிக்கையை உறுப்பினரிடையே பரப்பியே வெற்றி பெற்றனர் என்று உச்ச நீதிமன்றத்தில் வழக்கு. பதவியிலிருக்கும் குடியரசுத் தலைவர் நீதிமன்றத்தில் நேரில் வந்து சாட்சி சொன்னார். 1970இல் வழக்கு தள்ளுபடியாயிற்று. அதே ஆண்டு உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வேண்டும் என அமைச்சரவை சொல்ல, சோவியத் பயணத்தில் கீவ் நகரிலிருந்த கிரி அங்கேயே கையெழுத்திட்டார். 1954இன் கிரியைத் தேடுபவர்க்கு இங்கே ஏமாற்றம்தான்.

அதினும் பெரிய ஏமாற்றம் 1974 மே மாதம். 8ஆம் நாள் தொடங்கி 27 வரை இரயில்வே வேலைநிறுத்தம். ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமை வகித்த சம்மேளனம், கிரி இளமையில் உருவாக்க உதவிய அதே சம்மேளனம். பல்லாயிரவர் கைதாயினர், வேலை இழந்தோர் பலர். ஒலவக்கோட்டில், பாலக்காட்டு இரயில்வேக் கோட்டத்தின் தலைமையிடத்தில், அந்த இருபது நாட்களைப் பற்றிப் பேசும் முதியோரை நான் கேட்டிருக்கிறேன். அன்று நாட்டின் தலைமை நாற்காலியில் அமர்ந்திருந்தவர் யார் என்று அவர்களுள் ஒருவரும் சொன்னதில்லை. அமைச்சரவை அறிவுரைப்படி நடக்கக் கட்டுப்பட்டவர் குடியரசுத் தலைவர் என்று சட்டம் படிக்கும் நண்பர் கூறுவர், சரியே. அமைச்சராயிருந்தபோதும் அவர் அமைச்சரவைக்குக் கட்டுப்பட்டவர்தாமே! அப்போது விலக முடிந்தது. அன்று அவருக்கு வயது அறுபது; இன்று எண்பதை நெருங்கியிருந்தார். வயதா, நாற்காலியின் உயரமா, பதின்மூன்று வாக்கில் தம்மை ஏற்றி வைத்தோரிடம் பட்ட கடனா? நான் மூன்றாவதையே கனமாக எண்ணுகிறேன்.

1974 ஆகஸ்டு 24இல் கிரி பதவிக்காலம் முடிந்து இறங்கினார். அதே ஆண்டு தேர்தல் சட்டத்தைத் திருத்தி, வேட்பாளருக்குப் பத்து முன்மொழிவோரும் பத்து வழிமொழிவோரும் 2,500 ரூபாய் வைப்புத் தொகையும் வேண்டும் என்றாக்கினர். பதினைந்து பேர் நிற்பது அதோடு நின்றது. 1975இல் கிரிக்குப் பாரத ரத்னா விருது கிடைத்தது. 1980 ஜூன் 24இல் சென்னையில் காலமானார். அவர் தோற்கடித்த நீலம் சஞ்சீவ ரெட்டியே, 1977இல் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டு, அப்போது குடியரசுத் தலைவராயிருந்தார்.